'முன்' என்ற சொல்லுக்கு என்ன குறை?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார் ஒருவர். நெஞ்சு அடைத்து, உடல் வியர்த்து, நள்ளிரவில் தூக்கிச் செல்லப்பட்டு, உயிர் மீண்டவர். கையிலே ஒரு தாள். அவருக்கு நேர்ந்தது இன்னதென அதிலே எழுதியிருக்கிறது: 'ஆன்டீரியர் வால் இன்பார்க்சன்.' மனைவி வாங்கிப் பார்க்கிறார், விளங்கவில்லை. மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஒலி வருகிறது, பொருள் வரவில்லை. அண்டை வீட்டார் எட்டிப் பார்த்து, "பெயரே பயங்கரமாக இருக்கிறதே!" என்று பெருமூச்சு விடுகிறார். அந்தத் தாள் கூறுவதோ, இதயத்தின் முன்சுவருக்குக் குருதி செல்லாமற்போய் அங்குள்ள தசை கெட்டது என்பதே. நோய் கொடியதுதான்; ஆனால் அந்தப் பெயரில் மிரள ஒன்றுமில்லை. மிரட்டியது நோயன்று, மொழி.

இதைத் தமிழில் எழுதினால் என்ன என்று கேட்டோமானால் கற்றறிந்தார் சிலர் புன்னகை பூக்கின்றனர். "'முன்' என்பதா? முன்வாசல், முன்சக்கரம் என்று தெருவிலே புரளும் சொல்லாயிற்றே அது! மருத்துவக் கலைக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? துல்லியம் வேண்டாமா?" என்கின்றனர். கம்பீரம் வேறு, துல்லியம் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். நாம் பிரித்தெடுத்துப் பார்ப்போம். முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை காண நாமும் சற்று உழைத்தாக வேண்டும்.

கம்பீரத்தின் பிறப்பிடம் எது? இலத்தீன். அந்த மொழியில் 'ஆன்டே' என்றால் முன். அதனோடு ஒப்பிட்டுக் கூறும் விகுதி ஒன்று சேர்ந்து 'ஆன்டேரியோர்' ஆயிற்று. முன்னே உள்ளது, முன்னது என்பது பொருள். 'போஸ்ட்' என்றால் பின். 'போஸ்டேரியோர்' என்றால் பின்னது. அவ்வளவே! முன்னது, பின்னது. வீட்டு வாயிலின் முன்னே நிற்கிறேன் என்று சொல்ல உரோமாபுரிச் சிறுவனுக்கு இருந்த சொல்லும் 'ஆன்டே'தான். ஆக, உரோமாபுரியின் தெருவிலே புரண்ட சொல் நம் தெருவுக்கு வரும்போது மட்டும் பல்லக்கில் ஏறி வருகிறது. நம் தெருவிலே பிறந்த சொல்லோ மருத்துவமனை வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்படுகிறது. வருணம் மனிதரிடையே மட்டுமா வகுக்கப்பட்டது? சொற்களிடையேயும் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லின் வேரை இன்னும் சற்றுத் தோண்டினால் சுவையான செய்தி கிடைக்கிறது. துருக்கி நாட்டின் போகசுகோய் என்னுமிடத்தில் 1906இல் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றின் மொழி இத்தைத்து. அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்ததே என்று 1915இல் குரோசுனி என்னும் செக் அறிஞர் காட்டினார். அம்மொழியில் 'ஃகந்த்' என்றால் நெற்றி. இலத்தீன் 'ஆன்டே'க்கும், கிரேக்க 'ஆன்டி'க்கும், எதிரில், அருகில் என்று பொருள்படும் வடமொழி 'அந்தி'க்கும் அதுவே உறவுச் சொல். உடம்பில் முன்னே தெரியும் நெற்றியிலிருந்து 'முன்' என்ற கருத்தையே பெற்றிருக்கிறார்கள் அந்த மக்கள்! முகத்திலிருந்து முகப்பு என்று நாம் சொல்வதில்லையா? உடற்கூற்று நூல் இன்று உடம்புக்குச் சூட்டும் சொல், முதன்முதலில் உடம்பிலிருந்தே பிறந்தது.

கிரேக்க 'ஆன்டி' எதிரே நிற்பதைக் குறித்துப் பின்னர் எதிர்ப்பதையும் குறித்தது. தமிழிலும் 'எதிர்' அதே வழியில் நடந்திருக்கிறது. எதிரே நின்றான் என்கிறோம். எதிர்த்து நின்றான் என்றும் சொல்கிறோம். மனித மனம் எங்கும் ஒரே தடத்தில் நடப்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இதைக் கண்டவுடனே நம்மவரில் சிலர், 'ஆன்டே' என்பது நம் 'அண்டை'யிலிருந்து போனதுதான் என்று மேடையேறி முழங்கப் புறப்படக்கூடும். வேண்டா, தோழர்களே! ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவாகாது. புராணிகன் புளுகினால் நகைக்கிற நாம், சொல்லாராய்ச்சியில் மட்டும் புளுகுக்குச் சலுகை தருவது முறையன்று. 'முன்' என்ற சொல்லுக்கு உண்மையான உறவினரே ஏராளம். தெலுங்கில் 'முந்து', கன்னடத்தில் 'முந்தெ', மலையாளத்தில் 'முன்பு', பலுசித்தானத்தின் வறண்ட மலைகளில் வழங்கும் பிராகுயியில் 'மோன்'. கடன்பெற்ற பெருமை எதற்கு, சொந்தச் சொத்து இவ்வளவு இருக்கும்போது?

தமிழுக்குள்ளேயே அச்சொல் எத்தனை வேலை செய்கிறது! இல்லத்தின் முன் என்பது முறைமாறி 'முன்றில்' ஆனதைப் பள்ளி இலக்கணமே எடுத்துக்காட்டுகிறது. சேலையின் முன்தானை முந்தானை ஆயிற்று. கடலுக்குள் முந்தி நீண்ட நிலம் முந்தல். உடம்பிலோ முன்பல், முன்னங்கால், முன்கை. வளை அணிந்த முன்கையைச் சங்கப் புலவர் பல இடங்களில் பாடியிருக்கின்றனர். உடற்கூற்றைக் கற்பிக்கத் தகுதியற்றது என்று ஒதுக்கப்படும் சொல், ஈராயிரம் ஆண்டுகளாக உடற்கூற்றுச் சொல்லாகவே வாழ்ந்து வருகிறது.

'முன்' வேண்டா என்றவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. 'பூர்வ' என்றும் 'அக்ர' என்றும் நீட்டினார்கள். அவற்றையும் சோதித்துப் பார்ப்போம்.

வடமொழியில் 'பூர்வம்' என்றால் முன். 'பூர்வம்' என்றாலே கிழக்கு. 'தட்சிணம்' என்றால் வலம், அதுவே தெற்கு. 'பச்சிமம்' என்றால் பின், அதுவே மேற்கு. எழுஞாயிற்றை நோக்கி நிற்பவனுக்கு முன்னே இருப்பது கிழக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு, முதுகுப் பக்கம் மேற்கு. அவன் நின்ற நிலையே திசைக்குப் பெயராகிவிட்டது. (இது வடமொழிக்கு மட்டும் உரியதன்று, எபிரேயத்திலும் 'கெதெம்' என்ற ஒரே சொல் முன்னையும் கிழக்கையும் குறிக்கும்.) தமிழன் திசைக்குப் பெயரிட்ட முறை வேறு. மலை மேலே உயர்ந்திருந்த பக்கம் மேற்கு; நிலம் கீழே சரிந்து கடலை அடைந்த பக்கம் கிழக்கு. மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தான். உடம்புக்கு முன்னும் பின்னும் சொல்வதற்கு ஞாயிற்றின் துணை அவனுக்குத் தேவைப்படவில்லை.

உடற்கூற்றுக் கலையின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது. அறுவை மேசையில் உடலைக் கிழக்கே தலைவைத்துக் கிடத்தினாலும் தெற்கே தலைவைத்துக் கிடத்தினாலும், குப்புறப் போட்டாலும் மல்லாத்தினாலும், மார்பெலும்பு முன்னே உள்ளது. முதுகெலும்பு பின்னே உள்ளது. 'முன்' என்பது இங்கே பார்ப்பவனைச் சார்ந்ததன்று, கிழமையையும் திசையையும் சார்ந்ததன்று, உடம்பைச் சார்ந்தது. கிழக்கின் நிழல் படிந்த சொல்லை அங்கே கொண்டுபோய் வைப்பானேன்?

'அக்ர' என்பதோ இன்னும் வேடிக்கை. நடுவண் அரசின் கலைச்சொல் ஆணையம் 1961இல் அமைந்தது. இந்தி நூல்களில் 'ஆன்டீரியர்' என்பதற்கு 'அக்ர' என்பதே வழங்குகிறது. வடமொழியில் 'அக்ர' என்றால் முன் மட்டுமன்று, நுனியுமாகும். இதயத்துக்கு நுனியும் உண்டு, முன்சுவரும் உண்டு. இரண்டும் வேறு வேறு இடங்கள், இரண்டையும் மருத்துவர் நாள்தோறும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். இரண்டுக்கும் பொருந்தக்கூடிய சொல்லை ஒன்றுக்கு வைத்துவிட்டுத் துல்லியம் பேசுவது பொருந்துமா?

இனித் துல்லியத்துக்கு வருவோம். இங்கே நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு.

மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். அவன் வயிறு முன்னே. நாயும் மாடும் நான்கு காலில் நிற்கின்றன. அவற்றின் வயிறு கீழே. முன்னே இருப்பது தலை. 'முன்' என்று சொன்னால் மனிதனிடம் வயிற்றுப்பக்கம், மாட்டிடம் தலைப்பக்கம். ஒரு சொல், இரு பொருள். இது தமிழின் குறையோ? அன்று. 'ஆன்டீரியர்' என்ற சொல்லே ஐரோப்பியரை இதே குழியில் தள்ளியது.

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, அங்கே கண்டதை மனிதனுக்கும் உரியதென எழுதினார். மனித உடலை அறுக்க உரோமாபுரியில் இடமில்லை. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார். மார்பெலும்பு ஏழு துண்டு என்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஐரோப்பா அதை வேதம்போல் ஓதியது. பேராசிரியர் உயர்ந்த மேடையில் அமர்ந்து ஏட்டைப் படிப்பார். கீழே வேறொருவன் கத்தியால் அறுப்பான். ஏட்டில் உள்ளதும் உடலில் உள்ளதும் மாறுபட்டால் ஏடே வென்றது. வெசாலியசு மேடையிலிருந்து கீழிறங்கினார். தம் கையாலேயே அறுத்தார். 1543இல் அவர் நூல் பேசல் நகரில் அச்சாயிற்று. கீழ்த்தாடை ஒன்றே, மார்பெலும்பு மூன்று பகுதி என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். ஏட்டைவிடக் கண் பெரிது என்று காட்டிய அந்த நூலும் இலத்தீனில்தான் எழுதப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

அதன்பின் ஆளுக்கொரு பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ 5,000 உறுப்புகளுக்கு ஏறத்தாழ 50,000 பெயர்கள் புழங்கின! 1895இல் பேசல் நகரில் கூடி அவற்றைக் கழித்துக்கட்டிப் பட்டியல் ஒன்று வகுத்தனர். 1935இல் யெனா நகரில், மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவாக இருக்கட்டுமென்று 'ஆன்டீரியர்' என்பதை நீக்கி, வயிற்றுப்புறம் என்று பொருள்படும் சொல்லை அமர்த்தினர். மருத்துவர்க்கு அது கசந்தது. 1955இல் பாரிசு நகரில் மீண்டும் 'ஆன்டீரியர்' அரியணை ஏறிற்று. 1968இல் கால்நடை மருத்துவர்கள் தமக்கெனத் தனிப்பட்டியல் கண்டு, உடம்புக்குத் தலைப்புறம், வால்புறம் என்ற சொற்களையே கொண்டனர். அறுபது எழுபது ஆண்டுகள், மூன்று மாநாடுகள், ஒரு நீக்கம், ஒரு மீட்பு. துல்லியம் என்பது சொல்லின் பிறப்போடு வருவதன்று. கூடிப் பேசி, தவறி, திருத்தி வகுத்துக்கொள்வது. 'ஆன்டீரியர்' என்ற சொல்லுக்கு அவ்வளவு பொறுமை காட்டியவர்கள், 'முன்' என்ற சொல்லுக்கு ஒரு பிற்பகல் பொறுக்கமாட்டோம் என்கிறார்கள்.

நம் பள்ளிப் பாடநூல் மண்புழுவுக்கு முன்முனை என்கிறது. வயிற்றுப்புறம், முதுகுப்புறம் என்கிறது. நன்று. அங்கே 'முன்' என்பது தலைப்பக்கம். அதே மாணவன் மனித உடலுக்கு வரும்போது 'முன்' என்பது மார்புப்பக்கம். இந்த மாற்றத்தை எந்தப் பக்கத்திலும் விளக்காமல் கடந்துபோனால் அது நூலாசிரியரின் குற்றம். எங்கு பார்த்தாலும் 'முன்' என்று ஒட்டிவிட்டுத் தமிழ்த்தொண்டு முடிந்ததென்று கைகழுவும் நம் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விலங்குக்குத் தலைப்புறம், மனிதனுக்கு முன்புறம் என்று வகுத்துக்கொண்டால் தீர்ந்தது. காலத்தைக் குறிக்கும் 'முன்' குழப்பாதோ என்பர். முன்பு, முன்னர், முந்தைய என்பவை காலத்துக்கு. முன்புறம், முன்பக்கம், முன்சுவர் என்பவை இடத்துக்கு. இலத்தீனிலும் 'ஆன்டே' இரண்டையும்தான் சுமந்தது.

முன்கையையே எடுத்துக்கொள்வோம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கை. நீட்டும்போது முந்திச் செல்லும் கை. அந்த முன்கைக்கு முன்பக்கமும் உண்டு, பின்பக்கமும் உண்டு. உள்ளங்கையை முன்னே காட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது உடற்கூற்று நூலார் வகுத்த நிலை. அப்படி எவரும் தெருவில் நிற்பதில்லை. ஆயினும் அந்த நிலையில் நிறுத்திப் பார்த்துத்தான் முன், பின், உள், வெளி என்பனவெல்லாம் சொல்லப்படுகின்றன. வாசகர் இப்போதே அப்படி நின்று பார்க்கலாம். கைக்கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கும். கால் பெருவிரலோ உட்பக்கம் இருக்கும். முழங்கை பின்னே மடக்குப்புள்ளி காட்டும். முழங்கால் முன்னே காட்டும். ஏன்? கருவிலே கையும் காலும் துடுப்புபோல் முளைத்தபின் கை வெளிப்புறமாகவும் கால் உட்புறமாகவும் திரும்பிவிடுகின்றன. முதுகுப்பக்கத்தில் தொடங்கிய தொடைத்தசை அதனாலேயே முன்பக்கம் வந்து சேர்ந்தது. பிரமன் படைத்த கதையில் இதற்கு விளக்கம் கிடையாது. வளர்ந்த கதையில்தான் உண்டு. இதை இவ்வளவு எளிய தமிழில் சொல்ல முடிந்ததா இல்லையா?

தமிழில் முடியும் என்று முதலில் செய்து காட்டியவர் தமிழரல்லர். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. பெயர்கள் நமக்கு நகைப்பூட்டலாம். அங்கம் என்றும் இரணம் என்றும் வடசொல்லை அள்ளிக்கொண்டார். வேதியியலைக் 'கெமிஸ்தம்' ஆக்கினார். அன்று அவருக்குத் துணைநின்ற புலமை அத்தகையது. குறை சொல்கிறோம், ஆனால் வணங்கித்தான் சொல்கிறோம். மதம் பரப்ப வந்தவர் அவர் என்பதையும் மறக்கவில்லை. வந்த நோக்கம் எதுவாயினும், படுக்கையில் கிடந்த தமிழனுக்கு அவன் மொழியிலே மருத்துவம் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த கலைச்சொற் குழுவைத் தமிழறிஞர் எதிர்க்க நேர்ந்தது. வடசொல்லே அரியணை ஏறும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. கடல்கடந்து வந்தவர் தொடங்கிய பாதையை உள்நாட்டிலே போராடி மீட்க வேண்டியிருந்தது என்பது நம் வரலாற்றின் வெட்கங்களில் ஒன்று.

ஐரோப்பாவிலும் இலத்தீனுக்குப் பூசாரிகள் இருந்தனர். 1527இல் பேசல் பல்கலைக்கழகத்தில் பாராசெல்சசு செருமன் மொழியில் மருத்துவம் கற்பித்தபோது ஆசிரியர்கள் கொதித்தெழுந்தனர். 1673இல் மோலியேர் எழுதி நடித்த கடைசி நாடகத்தில், அரைகுறை இலத்தீன் பேசியே ஒருவன் மருத்துவப் பட்டம் பெறுகிறான். பாரிசு நகரம் வயிறு குலுங்கச் சிரித்தது. சப்பானிலோ 1771இல் சுகிதா கெம்பாக்கு என்பவர் டச்சு உடற்கூற்று நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தண்டனை பெற்றவரின் உடல் அறுக்கப்படுவதைக் காணச் சென்றார். அறுத்துக் காட்டியவர் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்து முதியவர். படமும் உடலும் அச்சாக ஒத்திருந்தன. மறுநாளே மொழிபெயர்ப்பைத் தொடங்கினர் சுகிதாவும் நண்பர்களும், அகராதி இல்லை. மூக்கு முகத்தில் முன்னே மேடிட்டு நிற்பது என்ற ஒரு வரியைப் புரிந்துகொள்ளவே பெரும்பாடு பட்டதாக முதுமையில் அவரே நினைவுகூர்ந்தார். 1774இல் நூல் வெளிவந்தது. சீன எழுத்துகளைத் துணைக்கொண்டுதான் எழுதினர், உண்மை. ஆனால் இன்று முழங்கால் நாரின் பெயரில் 'முன்' என்பதற்குச் சப்பானியர் எழுதும் எழுத்து, தொடர்வண்டி நிலையத்தின் முன் என்று பெயர்ப்பலகையில் எழுதும் அதே எழுத்து. பள்ளிச் சிறுமி படிப்பாள்.

அந்த முழங்கால் நாரைத்தான் பந்தாடும் இளைஞர்கள் 'ஏ.சி.எல்.' என்று சொல்லக் கேட்கிறோம். முழங்காலுக்குள் இரண்டு நார்கள் பெருக்கற்குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. ஒன்று கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியில் முன்னே பிடித்திருக்கிறது, மற்றொன்று பின்னே. ஆகவே முன்குறுக்குநார், பின்குறுக்குநார். அது எங்கே பிடித்திருக்கிறது, எதற்காக இருக்கிறது, எந்தப் பக்கம் எலும்பு நழுவாமல் தடுக்கிறது என்பதெல்லாம் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பாதி விளங்கிவிடுகிறது. 'ஏ.சி.எல். போய்விட்டது' என்று நொண்டியபடி வரும் இளைஞனுக்கு, போனது எது என்றே தெரியாது.

செருமனியில் அதே நாரை 'ஃபோர்டரெசு குராய்ட்சுபாண்ட்' என்பர். முன்குறுக்குக்கட்டு என்பதே பொருள். நாம் தொடக்கத்தில் கண்ட இதயநோயை 'ஃபோர்டர்வாண்ட் இன்பார்க்ட்' என்பர். முன்சுவர் என்பதைத் தம் மொழியிலும், நோயை இலத்தீனிலும் சொல்லும் கலப்புப் பெயர். அதனால் அங்கே எந்த மருத்துவரின் கம்பீரமும் குறைந்ததாகத் தெரியவில்லை. பெர்லினில் வீடு திரும்பும் நோயாளியின் மனைவி தாளைப் படிக்கிறாள், முன்சுவர் என்றிருக்கிறது. மருத்துவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கிறாள்: "பின்சுவர் நன்றாக இருக்கிறதா?"